கம்பமா, கேபிளா: எங்கள் நகருக்கு எது தாங்கும்?

எங்கள் நகர் நலச்சங்கம் அடுத்த மாதம் ஒரு மனு கொடுக்கப்போகிறது. கம்பத்தையும் கம்பியையும் எடுத்துவிட்டு, தெரு முழுக்கத் தரைக்கடியில் கேபிள் போட்டுத் தாருங்கள் என்பதுதான் மனு. கையெழுத்துப் போட எல்லோரும் தயாராக இருந்தார்கள். நான்தான் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். கடலூரில் இருபத்திரண்டு வருடமாக வீட்டு வயரிங் வேலை பார்க்கிறேன். காற்றில் போன கரண்டையும் பார்த்திருக்கிறேன், தண்ணீரில் போன கரண்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே மாதிரி போவதில்லை. கூட்டத்தில் பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காற்று. 2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அன்று வீட்டுக்குள் இருந்தவர்கள் யாரும் அந்தச் சத்தத்தை மறந்திருக்க மாட்டார்கள். காற்று அடங்கி வெளியே வந்தபோது எங்கள் தெருவில் ஒன்பது கம்பங்கள் படுத்திருந்தன. முதல் கம்பத்தின் மேல் ஒரு வேப்பமரம் விழுந்திருந்தது. மற்ற எட்டின் மேலும் எதுவும் விழவில்லை. கம்பி இழுத்த இழுப்பில், ஒன்றன்பின் ஒன்றாக முழங்கால் உயரத்தில் ஒடிந்திருந்தன. உடைந்த இடத்தில் சிமென்ட் உதிர்ந்து, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிகள் துடைப்பக்குச்சி போல நீட்டிக்கொண்டு நின்றன. தொட்டுப் பார்த்தேன். பாதிக் கம்பி துருவேறி மெலிந்திருந்தது. உப்புக்காற்று பல வருடமாக அரித்ததைப் புயல் ஒரு காலையில் முடித்துவிட்டது.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பதிமூன்று நாள் ஆனது. வேறு மாவட்டங்களிலிருந்து வந்த ஒயர்மேன்கள் இரவும் பகலும் தோளில் கம்பம் சுமந்தார்கள். அவர்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன் நான், குறை சொல்ல மனம் வராது. ஆனால் அந்தப் பதிமூன்று நாளில் எங்களுக்கு விளக்கு பெரிய விஷயமாக இருக்கவில்லை, தண்ணீர்தான் பெரிய விஷயம். மோட்டார் ஓடினால்தானே மேல்நிலைத் தொட்டி நிறையும்? ஒரு ஜெனரேட்டரைக் குட்டியானையில் ஏற்றி, தெருத்தெருவாகக் கொண்டுபோய் மோட்டாரில் கட்டி, ஒரு தொட்டி நிறைந்ததும் அடுத்த தொட்டிக்கு ஓடினோம். ஒவ்வொரு இடத்திலும் மோட்டார் ஒயரை அறுத்து, ஜெனரேட்டர் ஒயரோடு முறுக்கி, டேப் சுற்றியவன் நான்தான். ஈரத்தரையில் நின்றுகொண்டு செய்தேன். இன்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

அப்புறம் தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. தானே போல அடித்து நொறுக்கிய காற்று இல்லை. ஆனால் கரையேறிய பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மேற்கே பெய்ததெல்லாம் சாத்தனூர் அணைக்கு வர, ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட வேண்டியதானது. அந்தத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, கடைசியில் நம் வீட்டு வாசலில் நின்றது. மழை விட்டு வெயில் தலைகாட்டிய பிறகுதான் எங்கள் பகுதியில் பாதி வீடு மூழ்கியது.

அன்று எங்கள் தெருவில் ஒரு கம்பம்கூடச் சாயவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் தன் மேடையில் பத்திரமாக நின்றது. வீடுகளுக்குள் மீட்டர் போர்டு வரை தண்ணீர் ஏறியதால் பாதுகாப்புக்காகத்தான் லைனை நிறுத்தினார்கள். வடிந்த மறுநாளே ஓரளவுக்குக் கரண்ட் வந்தது. தரைக்கடி கேபிள் போட்ட இன்னொரு பகுதியில் என் வாடிக்கையாளர் ஒருவருக்குக் கடை இருக்கிறது. அங்கே நிலைமை வேறு. தெருமுனையில் சாம்பல் நிறத்தில் இரும்புப் பெட்டி இருக்குமே, பில்லர் பாக்ஸ், அது இடுப்பளவுத் தண்ணீரில் நின்றது. வடிந்ததும் ஒயர்மேன் அதைத் திறந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். ஃபியூஸ் கட்டைகளுக்கு நடுவே வண்டல் படிந்து, மூலையில் ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. நல்ல தண்ணீரில் கழுவி, புளோயர் வைத்துக் காயவைத்து, கரண்ட் கசிகிறதா என்று காட்டும் மெக்கர் மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் எழும்பவில்லை. மறுபடி காயவைத்தார். அந்த ஒரு பெட்டிக்கே பாதிப் பகல் போனது. அந்தத் தெருக்களுக்குக் கரண்ட் வர, கம்பம் இருந்த எங்கள் தெருவைவிட மூன்று நாள் கூடுதலாக ஆனது.

அதனால்தான் பொறுங்கள் என்றேன். 2011-ஐ மட்டும் நினைத்தால் கேபிள்தான் சரி. 2024-ஐ மட்டும் நினைத்தால் கம்பமே போதும். கடலூருக்கு இரண்டும் வரும். 2015 நவம்பரில் பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் புயலே இல்லாமல் மழைவெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. கெடிலம், தென்பெண்ணை, பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று மேற்கிலிருந்து வருவதெல்லாம் கடலைத் தேடி இந்த மாவட்டத்தின் வழியாகத்தான் இறங்குகிறது.

முதல் வழி: இருக்கிற கம்பத்தையே பலப்படுத்துவது

இதைக் கூட்டத்தில் யாரும் பேசவே இல்லை. "திரும்பவும் கம்பமா?" என்று சிரித்துவிட்டார்கள். ஆனால் செலவு குறைவு, பழுதானால் கண்ணுக்குத் தெரியும், ஏணி போட்டு ஏறி ஒரு மணி நேரத்தில் சரிசெய்யலாம். எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா கூட்டத்தில் ஒன்று கேட்டார்: "கம்பம் விழுந்தா கண்ணுக்குத் தெரியுது தம்பி. பூமிக்குள்ள போயிட்டா எங்க போய்த் தேடுவாங்க?" அன்று யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அது சரியான கேள்வி.

கம்பம் ஏன் விழுகிறது என்று பார்த்தால், எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். நம் கரையோரத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். தானே கரையேறியபோது அதைவிடக் குறைவுதான். ஆகவே அதைத் தாண்டியும் ஒன்று வரும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கை மண்ணுக்குள் புதைப்பது வழக்கம். ஒன்பது மீட்டர் கம்பம் என்றால் ஒன்றரை மீட்டர். இறுகிய செம்மண்ணில் அது போதும். தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கத்து மணலில் அது போதாது. ஒரு வாரம் மழை பெய்து மண் கூழானால், கம்பம் ஒடியாமல் அப்படியே சாய்ந்துவிடும். அடியில் கான்கிரீட் போட்டு நிறுத்த வேண்டும், கம்பங்களுக்கு நடுவே தூரத்தைக் குறைக்க வேண்டும். ஐந்தாறு கம்பத்துக்கு ஒன்றை மட்டும் இருபக்கமும் தரையோடு இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி கட்டி, அசையாத கம்பமாக்க வேண்டும். அப்படி ஒன்று நடுவில் நின்றிருந்தால் எங்கள் தெருவில் ஒன்பது விழுந்திருக்காது, மூன்றோ நான்கோ விழுந்து அதோடு நின்றிருக்கும்.

திறந்த கம்பிக்கு இன்னொரு வியாதியும் உண்டு. புயலே இல்லாத நாளில், பனி இறங்கும் விடியற்காலையில் கம்பத்தின் மேலே 'சர்ர்' என்று சத்தம் கேட்டிருப்பீர்கள். பீங்கான் இன்சுலேட்டரில் படிந்த உப்பு ஈரமாகி, அதன் வழியே கரண்ட் கசியும் சத்தம் அது. கடலோரத்தில் இதற்கென்றே இன்சுலேட்டரைக் கழுவ வேண்டியிருக்கும், இல்லையென்றால் சிலிக்கான் ரப்பர் வகைக்கு மாற்ற வேண்டும்.

இரண்டாவது வழி: ஏ.பி. கேபிள்

கம்பம் அப்படியே இருக்கும், கம்பி மட்டும் மாறும். உறை போட்ட மூன்று பேஸ் ஒயர்களை ஒரு தாங்கு கம்பியைச் சுற்றிப் பின்னி, சடை மாதிரி கொண்டுபோவார்கள். இதைத்தான் லைன் ஆட்கள் ஏ.பி. கேபிள் என்கிறார்கள். தென்னை மட்டை விழுந்தால் கம்பி கம்பியோடு உரசிப் பொறி பறக்காது. அறுந்து தெருவில் கிடந்தாலும் ஆளைக் கொல்லும் ஆபத்து வெகுவாகக் குறைவு. புயலுக்கு மறுநாள் காலை, தண்ணீரில் கிடக்கும் கம்பியை மிதித்துச் செத்தவர்கள் எத்தனை ஊரில் இருக்கிறார்கள் என்று யோசித்தால், இந்த ஒரு காரணத்துக்கே இதைக் கேட்கலாம்.

குறை என்னவென்றால், கேபிள் தடிமன் என்பதால் காற்று பிடிக்கும் பரப்பு கூடும், கனமும் கூடும். பழைய துருப்பிடித்த கம்பத்தில் இதைத் தொங்கவிட்டால் கம்பம் முன்னைவிடச் சீக்கிரம் விழும். கம்பத்தை மாற்றாமல் கேபிளை மட்டும் மாற்றினால் பணம் வீண். உறையை வெயில் தின்னும், பத்துப் பதினைந்து வருடத்தில் விரிசல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு இணைப்பு எடுக்கும் இடத்தில் உறையைச் சரியான கிளாம்ப் இல்லாமல் கத்தியால் சீவி எடுத்தால், அந்த இடத்தில்தான் முதல் பழுது வரும்.

மூன்றாவது வழி: தரைக்கடி கேபிள்

எல்லோரும் கேட்பது இதைத்தான். தானேவுக்குப் பிறகு, உலக வங்கிக் கடனுதவியோடு கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி நகரங்களுக்குத் தரைக்கடி கேபிள் திட்டம் வந்தது. 2014 அக்டோபர் 12 ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தைச் சிதைத்த பிறகு அவர்களும் இதே பாதையில் போனார்கள். 2018 நவம்பரில் கஜா ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்களைச் சாய்த்ததைப் பார்த்த பிறகு, கரையோரத்தில் யாருக்கும் இந்த ஆசை வரத்தான் செய்யும்.

காற்றுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஒப்புக்கொள்கிறேன். பதினோராயிரம் வோல்ட் கேபிளை ஒரு மீட்டர் ஆழத்தில், கீழே மணல் பரப்பி, மேலே செங்கல் அடுக்கி மூடிவிட்டால் எந்தப் புயலும் அதைத் தொடாது. முறையாகப் போட்ட கேபிளுக்குத் தண்ணீரும் பயமில்லை, நனைவதைத் தாங்கத்தான் அந்த உறை. பயம் எங்கே என்றால் அது வெளியே தலைநீட்டும் இடத்தில்: பில்லர் பாக்ஸ், பெரிய லைனைப் பிரிக்கும் சுவிட்ச் இருக்கும் ரிங் மெயின் பெட்டி, டிரான்ஸ்ஃபார்மர். கேபிள் பூமிக்குள் இருக்கும், ஆனால் சுவிட்சும் ஃபியூஸும் தரையில்தான் உட்கார்ந்திருக்கும். கம்பத்தில் இருபதடி உயரத்தில் இருந்ததை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிடுகிறோம். வெள்ளம் வரும் ஊரில் இதை யோசிக்காமல் கேபிள் கேட்கக் கூடாது.

2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயலில் நியூயார்க்கில் நடந்ததும் இதுதான். மன்ஹாட்டனில் கம்பமே கிடையாது, எல்லாம் பூமிக்கடியில். கடல் ஏறி ஒரு துணைமின் நிலையத்துக்குள் புகுந்ததில் அங்கே வெடித்தது, தீவின் தென்பகுதி இருண்டது. காற்று அவர்களை ஒன்றும் செய்யவில்லை. நம் பக்கத்திலேயே பார்க்கலாம். சென்னையின் தாழ்வான பகுதிகளில் மழைக்குப் பெட்டிகள் மூழ்கி, லைனை நிறுத்த வேண்டியதாகி, பிறகு பெட்டிகளைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவைத்தார்கள். முதலிலேயே தூக்கிவைத்திருந்தால் ஒரு பீடமும் கொஞ்சம் கூடுதல் கேபிளும்தான் செலவு.

அக்கா கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். பூமிக்குள் பழுதானால் எங்கே தேடுவது? அதற்கென்று கருவி வைத்த வண்டி உண்டு. கேபிளுக்குள் துடிப்பு அனுப்பி, எத்தனை மீட்டரில் பழுது என்று கணக்குப் போடுவார்கள். அப்புறம் தோண்டி, இரண்டு பக்கமும் வெட்டி, ஜாயின்ட் போட வேண்டும். ஈரம் ஒரு துளி உள்ளே போகாமல் அந்த ஜாயின்ட்டைப் போடுவது தனிக் கைவேலை. எங்கள் பக்கம் நாலடி தோண்டினாலே உப்புத்தண்ணீர் ஊறும். குழியில் ஊறுவதை இறைத்துக்கொண்டே ஜாயின்ட் போட்டால் அது எத்தனை நாள் நிற்கும்? தரைக்கடி கேபிளில் பெரும்பாலான பழுது கேபிளில் வருவதில்லை, ஜாயின்ட்டில்தான் வருகிறது. அதோடு, பாதாளச் சாக்கடைக்கு ஒருவர், குடிநீர்க் குழாய்க்கு ஒருவர், இன்டர்நெட்டுக்கு ஒருவர் என்று தெருவைத் தோண்டாத வருடமே இல்லை. ஜேசிபி பல்லுக்குச் செங்கல்லும் கேபிளும் ஒன்றுதான்.

செலவோ கம்பத்தைவிடப் பல மடங்கு. அந்தப் பணத்தில் எங்கள் நகர் முழுவதற்கும் கம்பம் மாற்றி, ஏ.பி. கேபிள் போட்டு, மிச்சத்தில் மழைநீர் வடிகாலையும் தூர்வாரிவிடலாம்.

இவ்வளவு சொன்னதால் தரைக்கடி கேபிளே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது, அதைத்தான் நாம் கேட்டு வாங்க வேண்டும்: வளையம். இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் வரும்படி வளையமாகக் கேபிள் போட்டு, நடுநடுவே பிரிக்கும் சுவிட்ச் வைத்தால், ஓர் இடத்தில் பழுதானாலும் அந்தத் துண்டை மட்டும் கழற்றிவிட்டு மறுபக்கத்திலிருந்து கொடுக்கலாம். ஆஸ்பத்திரிக்கும் குடிநீர் நிலையத்துக்கும் இதைவிடப் பெரிய உத்தரவாதம் கிடையாது. ஒரே பக்கத்திலிருந்து போய் முட்டி நிற்கும் கேபிள் என்றால், அத்தனை பணம் போட்டும் பாதிப் பயன்தான்.

சோலார் என்றார்களே?

கூட்டத்தில் ஒரு தம்பி, எல்லோரும் கூரையில் சோலார் போட்டுக்கொண்டால் கம்பமும் வேண்டாம் கேபிளும் வேண்டாம் என்றார். அவருக்கும் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. லைனோடு இணைந்த சாதாரணக் கூரை சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஆளுக்குப் பின்பக்கமாகக் கரண்ட் போய்த் தாக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். புயல் நாளில் உதவ வேண்டுமென்றால் பேட்டரியும், அதற்கேற்ற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வேண்டும். அப்போதும் மேகமூட்டத்தில் உற்பத்தி சொற்பம்தான். புயல் தங்குமிடத்தில் விளக்கு, செல்போன் சார்ஜ், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜ், இவற்றுக்கு மிகவும் நல்லது. ஏழரை எச்.பி. தண்ணீர் மோட்டாரை ஓட்ட அதை நம்ப முடியாது.

மோட்டாருக்கு வேறு வழி இருக்கிறது, அதுவும் மலிவாக. ஒவ்வொரு மோட்டார் அறையிலும் வெள்ளம் எட்டாத உயரத்தில், லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்சும், வெளியே ஜெனரேட்டர் மாட்டும் த்ரீ பேஸ் சாக்கெட்டும் வைத்தால் போதும். வாடகை ஜெனரேட்டர் வந்து நின்ற அடுத்த நிமிஷம் தண்ணீர் ஏறும். யாரும் ஈரத்தில் நின்று ஒயர் முறுக்க வேண்டாம். நான்கு மாற்றுவழிகளில் எதை எடுத்தாலும், எடுக்காவிட்டாலும், இதை இந்த ஐப்பசிக்குள் செய்துவிடலாம். சாமான் செலவைச் சங்கம் போடட்டும், வேலைக்கு நான் கூலி வாங்கப் போவதில்லை.

நான் எழுதச் சொல்வது

தெரு முழுக்க ஒரே மாதிரி கேட்பதுதான் நம் மனுவில் உள்ள தவறு. துணைமின் நிலையத்திலிருந்து மெயின் ரோடு வழியாகச் சுகாதார நிலையம், குடிநீர் மோட்டார் வரை வரும் பெரிய லைனுக்குத் தரைக்கடி கேபிள் கேட்போம், வளையமாகக் கேட்போம். உள்தெருக்களுக்கு, அடியில் கான்கிரீட் போட்ட புதுக் கம்பமும் ஏ.பி. கேபிளும் போதும். கிழக்கே உப்பங்கழி ஓரமாக இருக்கும் கடைசி இரண்டு தெருக்களுக்குத் தரைக்கடி கேபிள் கூடவே கூடாது. அந்தத் தெருக்காரர்கள் எங்களை மட்டும் ஒதுக்குகிறீர்களா என்று கோபப்படக்கூடும். நேரில் வந்து சொல்கிறேன். உப்புத்தண்ணீர் ஊறும் மண்ணில் ஜாயின்ட் போனால், மொத்த ஊருக்கும் கரண்ட் வந்த பிறகும் அவர்கள்தான் கடைசிவரை இருட்டில் இருப்பார்கள்.

மரக்கிளை வெட்டுவதை மறக்க வேண்டாம். ஆவணியில் ஒருமுறை, புரட்டாசி முடிவில் ஒருமுறை. 2011-இல் அந்த வேப்பமரத்தின் ஒரு பக்கக் கிளையை முன்பே இறக்கியிருந்தால் முதல் கம்பம் நின்றிருக்கலாம்.

வீட்டுக்குள் நாம் செய்ய வேண்டியது தனி. மீட்டர் போர்டைத் தோள் உயரத்துக்கு ஏற்றுங்கள். கீழ்த்தளத்து பிளக் பாயின்ட்டுகளுக்குத் தனி லைன், தனி சுவிட்ச் வைத்தால், கீழே தண்ணீர் நின்றாலும் மாடிக்கு மட்டும் கரண்ட் எடுக்கலாம். கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாத வீடு எங்கள் நகரில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. அதை முதலில் போடுங்கள்.

மனுவில் சேர்க்க வேண்டிய முக்கியமான வரி இன்னும் எழுதப்படவில்லை: பெட்டிகளை எத்தனை அடி உயரத்தில் வைக்க வேண்டும் என்ற வரி. 'உயரமாக வையுங்கள்' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. அளவு வேண்டும். அதற்காகப் போன ஞாயிறு நானும் இன்னும் இரண்டு பேரும் டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு, 2024 வெள்ளம் எதுவரை ஏறியது என்று வீடு வீடாகக் கேட்டு, தெரு மட்டத்திலிருந்து அளந்தோம். பல வீட்டில் வெள்ளையடித்துவிட்டார்கள், தடம் இல்லை. மீன்கார அக்கா வீட்டில் மட்டும் வாசல் நிலைக்காலில் சேற்றுக்கோடு அப்படியே இருந்தது. வேண்டுமென்றே துடைக்காமல் வைத்திருக்கிறார். "பேரப்புள்ளைங்க கேட்டா காட்டணும்ல" என்றார். அளந்தோம்: மூன்றடி நான்கு அங்குலம். அதன்மேல் இன்னும் இரண்டடிக்குச் சற்று மேல் சேர்த்து, ஐந்தரை அடி என்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

இன்னும் ஆறு தெரு பாக்கி. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தண்ணீர்த்தொட்டிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம். உங்கள் வீட்டுச் சுவரில் கோடு இருந்தால் அதுவரை வெள்ளையடிக்காதீர்கள்.